மலையில் இலை மக்குகிறது, ராயபுரத்தில் நான்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து பிசுபிசுவென்று மழை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் ஷேர் ஆட்டோ நகரவே இல்லை. ராயபுரம் கல்லூரிக்கு முக்கால் மணி நேரம் தாமதம். ஆராய்ச்சித் திட்டத்தை நடத்துகிற மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

மலையிலிருந்து பார்சல் வந்திருக்கிறது. மேலே ப.வின் கையெழுத்து. பவித்ரா என்று முழுப் பெயரை எழுத இன்று மனமில்லை. இந்த நோட்டில் இனி அவள் ப.தான்.

உள்ளே:
பெரிய கண் வலைப் பை – 12
கொசுவலைப் பை – 12
(எல்லாம் முதல் செட். மே கடைசியில் வைத்தது.)
ஒரு துண்டுச் சீட்டு. “ஜெசி, பத்திரமா பிரி. ஒரு பைக்குள்ள மரவட்டை இருக்கு, பாவம்.”

பாவமாம். மரவட்டைக்குக் கிடைக்கிற இரக்கம்.

காலையில் கிளம்பும்போது அம்மா மறுபடி கேட்டாள், “இலைய நிறுக்கிறதுக்கா எம்.எஸ்சி. பட்ச்ச?” நூறாவது தடவையாக விளக்கினேன். பத்து கிராம் காய்ந்த ஓக் இலை. அதை ஒரு வலைப் பையில் போட்டுத் தைக்க வேண்டும். இமயமலையில் ஓக் காட்டுத் தரையில் முளையடித்துக் கட்டிவைக்க வேண்டும். மாதாமாதம் சில பைகளை எடுத்துக் காயவைத்து நிறுத்தால், எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மக்கியிருக்கிறது. பெரிய கண் பைக்குள் பூச்சியும் புழுவும் நுழையும், கொசுவலைக்குள் நுழையாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பூச்சி தின்ற பங்கு. அவ்வளவுதான் வேலை. தைத்தது நான். நிறுப்பது நான். நடுவில் இருக்கிற மலை மட்டும் ப.வுக்கு.

ஒரே வகுப்பு, ஏறக்குறைய ஒரே மார்க். மார்ச்சில் மேடம் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. “ஜெசிந்தாவுக்கு வீசிங் இருக்கு, மலை ஒத்துக்காது. அதோட அவளுக்கு நிலையான கை. தராசுக்கு அவதான்.”

இந்த வீசிங் எங்கிருந்து வந்தது? திருவொற்றியூர் காற்றை முப்பது வருஷம் இழுத்ததில் வந்தது. நல்ல காற்று இருக்கிற இடத்துக்குப் போக அதுவே தடை. ப. மாதவரம் பால் பண்ணைப் பக்கம் வளர்ந்தவள், நுரையீரலும் பால் மாதிரி இருக்கும்.

இரண்டாம் வருஷத்துக்கு யார் மேலே போவது என்று இந்த மாதக் கடைசியில் மேடம் பெயர் அனுப்ப வேண்டும். யார் பெயர் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். ரிஃபைனரி வாசனை தெரு வரைக்கும்.

ஆறு மணிக்கே ப.வின் ஸ்டேட்டஸ். ஏழு படம். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாதபடி போனில் முன்பே மாற்றி வைத்துவிட்டேன். அதனால் நிம்மதியாக நான்கு தடவை பார்த்தேன்.

பாசி படிந்த மரம், அதில் சாய்ந்தபடி ப., கம்பளித் தொப்பி.
உள்ளங்கையில் ஓக் இலை. மேலே பச்சை, அடியில் வெள்ளை.
டம்ளரில் டீ. ஆவி.
தங்கியிருக்கிற வீட்டு அக்கா, மாட்டுக்குக் கையால் கல்லுப்பு கொடுக்கிறாள். மாடு கண்ணை மூடிக்கொண்டு நக்குகிறது.
தூரத்தில் பனி.
மறுபடி ப.
மறுபடி ப.

கன்னம் சிவந்திருக்கிறது. குளிர்தான், வேறு ஒன்றுமில்லை.

அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டாள். “அய்ய, பவித்ராவா இது? இன்னா ஷோக்கா கீது பொண்ணு! நீயும் கீறியே, எண்ண வழியிற மூஞ்சியோட.”

சாப்பிடாமல் கிளம்பினேன். கேன்டீனில் ஆறு இட்லி.

முதல் எட்டுப் பை பிரித்தேன். கோபமாக இருந்தாலும் இதை எழுதத்தான் வேண்டும், அழகாக இருக்கிறது. பிரித்ததும் ஒரு வாசனை, மழை பெய்த பிறகு எந்தத் தெருவிலும் இங்கே வராத வாசனை. மேல் இலைகள் சாக்லேட் நிறம், இன்னும் தோல் மாதிரி கெட்டி. நடுவில் இருந்தவற்றில் வெள்ளை இழை ஓடியிருக்கிறது. பூஞ்சைதான். இரண்டு இலையைச் சேர்த்து ஓரம் அடித்த மாதிரி பிடித்திருந்தது. அடியில் இருந்த ஒன்றில் நரம்பு மட்டும்தான் மிச்சம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஜன்னல் தெரிகிறது. முதல் மழையில் இலைக்குள் இருக்கிற கறை டீத் தண்ணீர் மாதிரி இறங்கிவிடும், அதற்குப் பிறகுதான் பூச்சி வாய் வைக்கும் என்று ப. போன மாதம் எழுதியிருந்தாள். அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். நான் பாக்கியை நிறுக்கிறேன்.

பை 7, பெரிய கண்: 5.12
பை 8, கொசுவலை: 6.87
மரவட்டை: உயிரோடு இல்லை. ஜன்னல் தொட்டியில் போட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு பாதாம் மரம் நிற்கிறது. அதன் இலை விழுந்தால் சிமென்ட் மேல் விழும். லாரி ஏறும், கரித்தூள் ஒட்டும், கூட்டுகிற அக்கா ஓரமாகக் குவித்துக் கொளுத்திவிடுவார். ஓர் இலை நிதானமாக மக்குவதற்குக்கூட இங்கே இடமில்லை.

நவம்பர் 6, வியாழன்

நல்ல நாள். ரொம்ப நல்ல நாள்.

பதினொரு மணிக்கு மேடம் அறையில் ப.வின் போன், ஸ்பீக்கரில். நான் அளவுச் சீட்டோடு நின்றிருந்தேன். வெளியே போ என்று மேடம் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

மழைக்காலம் முடிந்து அக்டோபர் முதல் வாரம் வைத்த இரண்டாம் செட் பைகளை மாடுகள் கிழித்துவிட்டனவாம். பெரிய கண் பை நாற்பதில் முப்பத்தொன்று போச்சு. சிலவற்றை முளையோடு பிடுங்கி இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன.

“பாதை பக்கத்துல வைக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?” மேடம்.

“முதல் செட்டும் அதே இடம்தான் மேடம். அதை எதுவும் தொடல.”

“அப்ப உன் அதிர்ஷ்டம். இப்ப கவனக்குறைவு.”

கவனக்குறைவு. இந்த ஒரு சொல்லை ப.வைப் பார்த்து யாராவது சொல்ல வேண்டும் என்று எட்டு வருஷமாகக் காத்திருந்தேன். அவள் குரல் இறங்கிப் போனது. நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன், நன்றாகவே வந்தது.

சாயங்காலம் கல்லூரி வாசலில் மிளகாய் பஜ்ஜி, இரண்டு. அட்டெண்டர் முருகன் அண்ணனுக்கும் வாங்கிக் கொடுத்தேன். “இன்னாம்மா விசேஷம்?” என்றார். பசி என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

ப. எனக்கே கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள், மூக்கடைத்த குரல். குளிராகவும் இருக்கலாம்.

“ஜெசி, ஒண்ணு புரியலடி. பெரிய கண் பையை மட்டும்தான் கிழிச்சிருக்கு. பக்கத்துலயே கொசுவலைப் பை, ஒரு அடிகூடத் தள்ளி இல்ல. அதுல ஒண்ணையும் தொடல. ஏன்?”

“மாடு நடக்கிற இடத்துல வெச்சா அப்படித்தான்” என்றேன்.

“கொசுவலைப் பையும் அதே இடத்துலதானடி இருக்கு?”

“எனக்கென்ன தெரியும். நான் மலையப் பாத்தவளா?”

மூக்கை உறிஞ்சினாள். பிறகு, “சாப்டியா?” என்றாள். சாப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு மேடம் கூப்பிட்டார். “உன் வீசிங் இப்ப எப்படி இருக்கு?”

இரண்டு மாதமாக இழுப்பே இல்லை என்றேன். உண்மையில் மூன்று வாரம்.

“டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடு. ஜனவரிலேருந்து நீ மேலே போ. பவித்ரா இங்க வந்து நிறுக்கட்டும். இப்போதைக்கு அவகிட்ட சொல்லாதே, நானே சொல்றேன்.”

எடுத்துப் போக வேண்டியவை:
ஸ்வெட்டர் 2
மங்கி கேப்
இன்ஹேலர் 3
சாக்ஸ் (கம்பளி)
நெத்திலிக் கருவாடு
ஜெபமாலை
கேமரா நன்றாக இருக்கிற போன் (அண்ணன் சேவியரிடம் கேட்க)

ஸ்டேட்டஸ் போடுவேன். தினம் ஏழு படம். அவள் பார்ப்பாள்.

நவம்பர் 9, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் நீளம், மின்விசிறி ஓடவில்லை. பிறகு எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் ஸ்வெட்டர் வாங்கினேன். நீல நிறம். வீட்டுக்கு வந்து வேர்வையோடு போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் சேவியர் கடலிலிருந்து வந்துவிட்டான்.

“இன்னா ஜெசி, ஜுரமா?”

“மலைக்குப் போறேன்.”

“நீயா? நம்ம வூட்ல மொத மொத மலைக்குப் போறது நீதான்.” சிரித்தான். சந்தோஷமாகத்தான் சிரித்தான். பிறகு கேட்டான், “ஆமா, நம்ம பழைய மீன் வல எடுத்தினு போனியே, அது இன்னா ஆச்சு? அங்க ஷோக்கா நிக்குதா?”

ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே நிக்குது என்றேன்.

அதை மறந்தே போயிருந்தேன். முதல் செட்டுக்குப் புது வலை வாங்கித் தைத்தேன். செப்டம்பரில் அந்தக் கண் அளவில் புது வலை கடையில் இல்லை, பத்து நாள் ஆகும் என்றார்கள். ப. தினமும் போன், மழை நிக்கப் போவுது, சீக்கிரம் அனுப்புடி என்று. மொட்டை மாடியில் சேவியரின் பழைய வலை கிடந்தது. அதே கண். வெட்டினேன். மூன்று தடவை அலசிக் காயப்போட்டு, நாற்பது பை தைத்து அனுப்பினேன், ஆறு மிச்சம். மேடத்திடம் சொல்லவில்லை. நைலான்தானே, எந்த நைலானாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து அடைமழை. ராயபுரம் பாலத்தின் கீழ் முழங்கால் தண்ணீர். செருப்பு அறுந்தது.

முருகன் அண்ணன் பீரோவைத் திறந்தபடி கூப்பிட்டார். “யம்மா, மேல ஒழுவுதா பாரு. இந்தப் பையிங்கோ ஈரமா கீது.”

மிச்சப் பைகள். ஆறு பெரிய கண் பை, ஆறு கொசுவலைப் பை, ஒரே தட்டில். ஒழுகவில்லை. தட்டு காய்ந்திருக்கிறது. கொசுவலைப் பைகளும் காய்ந்திருக்கின்றன. சேவியரின் வலையில் தைத்தவை மட்டும் கையில் ஒட்டுகின்றன. முடிச்சுக்கு முடிச்சு ஈரம்.

மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா.

ஒரு பையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. முருகன் அண்ணனிடம் நீட்டினேன். “இத்தப் போய் நக்கச் சொல்றியே, கலீஜு” என்றார். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்து, “சப்புனு கீது” என்றார். அவருக்கும் வியாசர்பாடி போர் தண்ணீர் பழகிய நாக்கு.

காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு முடிச்சை வெட்டிப் போட்டுக் குலுக்கினேன். சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு, உப்பு இருந்தால் வெளுத்துக் காட்டிவிடும். தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. கொசுவலைத் துண்டிலும் செய்து பார்த்தேன். தெளிவாகவே இருந்தது.

மாடு அந்த இடத்துக்காக வரவில்லை. உப்புக்காக வந்திருக்கிறது. நான் அனுப்பிய உப்புக்காக.

சோதனைக் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப்போனேன். முருகன் அண்ணன் டீ வாங்கப் போன நேரத்தில் இரண்டு சொட்டு.

வெள்ளை. வலையைவிடக் கெட்டியாக.

மூன்று தடவை அலசினேன் என்று பெருமையாக இருந்தேனே, இந்தத் தண்ணீரில்தான். கடல் உப்பைப் போக்க நிலத்தடி உப்பில் அலசியிருக்கிறேன். பிறகு கடல் காற்றில் இரண்டு நாள் காயப்போட்டேன். வேறு எந்த ஊர்க்காரி அலசியிருந்தாலும் வாயில் ஒரு சொட்டு பட்டதும் தெரிந்திருக்கும். குளியல், பாத்திரம், துணி எல்லாம் எனக்கு இந்தத் தண்ணீர்தான். உப்பு என்பதே நாக்குக்குத் தெரியவில்லை.

சொல்லாமல் இருப்பதற்குக் காரணங்கள்:
யாரும் கேட்கவில்லை.
அவசரப்படுத்தியது ப.
பாதைக்குப் பக்கத்தில் வைத்ததும் உண்மைதான்.
எப்போதுமே மேடத்துக்கு அவள்தான் செல்லம். ஒரு தடவை திட்டு வாங்கினால் குறைந்துவிட மாட்டாள்.
எனக்கு மலை வேண்டும்.

கடைசிக் காரணம்தான் காரணம். மற்ற நாலும் துணைக்கு.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் ஒப்பிப்போம். அதில் காய்மகாரம் என்று ஒன்று வரும். எனக்கு அதற்கு அர்த்தம் தெரியாது. ஏதோ காய்ச்சல் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிஸ்டரிடம் கேட்டதற்கு, அடுத்தவள் நல்லா இருந்தா உனக்கு வயிறு வலிக்குமே, அது என்றார். எனக்கு அப்படி வலிக்காதே என்று சொன்னேன். ஏழு வயது.

டாக்டர் லெட்டர் வாங்கியாயிற்று. குளிர் ஒத்துக்கொள்ளுமாம், இன்ஹேலர் கையில் இருந்தால் போதுமாம்.

நவம்பர் 12, புதன்

வெயில். பை 13 முதல் 24 வரை.

பை 17ஐ மூன்று தடவை நிறுத்தேன், மூன்று விதமாக வந்தது. தராசில் கோளாறு இல்லை. எடைக்கல் வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. கைதான். இலையை இடுக்கியில் எடுக்கும்போது நடுங்கி, ஓரத் துணுக்கு மேசையில் விழுந்துவிட்டது. ஊசி முனை அளவுதான். அதைத் தேடி ஒரு மணி நேரம்.

ப.வின் ஸ்டேட்டஸில் இன்று ஒன்றுமில்லை. நேற்றும் இல்லை. பார்க்க ஒன்றுமில்லாதது எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

இதை வரிசையாக எழுத வேண்டும்.

பத்தரை மணிக்கு மேடம் கூப்பிட்டார். ப. மெயில் போட்டிருக்கிறாளாம். காரணம் கண்டுபிடித்துவிட்டாள். தங்கியிருக்கிற வீட்டு அக்கா ஒரு கிழிந்த பையை வாயில் வைத்துப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தாளாம். இது உப்பு, எங்கள் மாட்டுக்கு நீ விருந்து வைத்திருக்கிறாய் என்றாளாம்.

முடிந்தது என்று நினைத்தேன்.

மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “பழைய மீன்பிடி வலைல தைக்கச் சொன்னதே அவதானாமே. ‘புது வலைக்குக் காத்திருக்க நேரமில்ல, கைல இருக்கறத வெச்சு அனுப்புன்னு ஜெசிந்தாவை நான்தான் நச்சரிச்சேன், அவ மேல தப்பில்ல’ன்னு எழுதியிருக்கா. இடமும் தப்பு, வலையும் தப்பு. நல்லவேளை, உன் பேரை எழுதி வெச்சிருக்கேன். நாளைக்கு அனுப்பிடறேன்.”

ப. அப்படிச் சொல்லவே இல்லை. சீக்கிரம் என்றாள், அவ்வளவுதான். பழைய வலை என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. பையைப் பார்த்த பிறகு கண்டுபிடித்திருக்கிறாள், நான்தான் செய்தேன் என்று தெரிந்திருக்கிறது, எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டாள்.

நான் என்ன சொன்னேன்? “சரிங்க மேடம்” என்றேன்.

ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். சந்தோஷப்பட வேண்டும். மாட்டிக்கொள்ளவில்லை, மலையும் கிடைத்துவிட்டது. ஆனால் வயிறு எரிகிறது, முன்பு எப்போதும் எரியாத மாதிரி. மார்க் அவளுக்கு. மேடம் அவளுக்கு. சிவந்த கன்னம் அவளுக்கு. இப்போது நல்ல மனசும் அவளுக்கா? நான் மூன்று நாள் மூடி வைத்த தப்பை அவள் ஒரே மெயிலில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜனவரியில் நான் மலையில் நின்றால், அவள் போட்ட பிச்சையில் நிற்பேன்.

அம்மா கேட்டாள், “இன்னாடி ஒரு மாரி கீற? இழுக்குதா?”

ஆமாம் என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம். ஒன்பதுக்கே கல்லூரி. மேடம் வரும்வரை அறை வாசலில் நின்றேன்.

“மேடம், பழைய வலைல தைக்கச் சொல்லி பவித்ரா சொல்லல. அவளுக்குத் தெரியவே தெரியாது. நானாதான் வெட்டித் தைச்சேன். உப்புத் தண்ணிலதான் அலசினேன்.”

மேடம் தோள் பையைக்கூட இறக்கவில்லை. “அவ எழுதியிருக்காளே?”

“பொய் மேடம்.”

“உன்னைக் காப்பாத்தறதுக்குச் சொன்ன பொய். அதை ஏன் வந்து உடைக்கறே?”

மனசாட்சி, உண்மை, ஆராய்ச்சி என்று ஆட்டோவில் வரும்போது ஏதேதோ தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான். “அது என் தப்பு மேடம். அதையும் அவ எடுத்துக்கக் கூடாது.”

மேடம் தோள் பையை இறக்கி நாற்காலியில் வைத்தார். “உனக்கு எப்பத் தெரியும்?”

“திங்கக்கிழமை.”

“இன்னிக்கு வெள்ளி.”

“ஆமா மேடம்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. மேசை மேல் இருந்த ஒரு தாளை எடுத்து, என் பெயரை அடித்து, மேலே ப.வின் பெயரை எழுதினார். மேலே அவளே இருக்கட்டும், நீ புது வலை வாங்கி நாற்பது பை மறுபடி தை, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசு, ஒவ்வொரு அலசலையும் சோதித்துக் குறித்து வை என்றார். வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை. ஆய்வகத்துக்கு வந்து பை 17ஐ மறுபடி நிறுத்தேன். ஒரே தடவையில் சரியாக வந்தது.

நவம்பர் 15, சனி

காசிமேடு. புது வலை. கடைக்காரர், “இந்த சைஸ்ல இன்னா மீன் புடிக்கப் போற?” என்றார். இலை என்றேன். வலையைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

ஸ்வெட்டரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கடலோரம் மீன் விற்கப் போகும்போது விடிகாலையில் போட்டுக்கொள்வாளாம்.

நவம்பர் 17, திங்கள்

வெயில், காற்று. நான்காவது அலசல். இரண்டு சொட்டு விட்டேன், தெளிவு. ஐந்தாவது அலசலில் கை இருந்தபோது ப.வின் போன். தோளில் இடுக்கிக்கொண்டேன்.

“மேடம் இப்பத்தான் சொன்னாங்க. ஏன்டி இப்படிப் பண்ணின? நான்தான் எல்லாத்தையும் சமாளிச்சுட்டேனே!”

“உன்னை யாரு சமாளிக்கச் சொன்னது? நீ என்ன பெரிய புனிதையா?”

“புனிதையா?” அவள் குரலே மாறிவிட்டது. “லூசாடி நீ? உன்னை வேலைய விட்டுத் தூக்கிட்டா அந்தத் தராசு முன்னாடி யாரு உக்கார்றது? என்னைத்தான் கீழ வரச் சொல்வாங்க. நாள் பூரா ஒரு ரூம்ல இலையைப் பொறுக்கி நிறுத்துக்கிட்டு, என்னால ஆகாதுடி சாமி. எனக்கு ரெண்டு திட்டு விழும், அதோட போயிடும்னு நெனச்சேன். மேடம் உன்னை மேல அனுப்பி என்னைக் கீழ எறக்கப் போறாங்கன்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சிருந்தா மெயிலே போட்டிருக்க மாட்டேன்.”

சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை, இழுப்பு வருகிற அளவுக்குச் சிரித்தேன். முருகன் அண்ணன் எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, சொம்மா சிரிச்சிகினு கீற?” என்றார். நாலு நாளாக இவள் நல்ல மனசை நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தேன். அது என் மனசு மாதிரியேதான் இருந்திருக்கிறது.

“அப்ப எனக்காகச் சொல்லலையா?”

பின்னால் மாட்டு மணிச் சத்தம் கேட்டது.

“பாதி” என்றாள்.

போனை வைத்துவிட்டுக் குழாயடியில் நின்றேன். நாற்பது பை வாளியில் மிதக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜனவரியில் நான் மேலே. அவள் நல்லவளாக இருப்பதைப் பொறுக்க முடியாமல்தான் போய்ச் சொன்னேன். பாதி மனசுக்கு ஒரு முழு மலையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.